ஐந்தாவது பயணம்

என் கூலி கிலோமீட்டர் கணக்கு.
அதனால் இறுதித் தொடர் ஐந்து ஆட்டமா, ஏழு ஆட்டமா என்று
என்னைக் கேட்பது
சவப்பெட்டி செய்பவனிடம் வைத்தியம் கேட்பது மாதிரி.

உதேனாவில் இரண்டும் தோற்றாயிற்று.
நள்ளிரவு தாண்டிப் பேருந்தை எடுத்தேன்.
முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், மேற்கே, ஷிலூதேவுக்கு.
ஈரத் துண்டு, வலிக் களிம்பு, கருப்பு ரொட்டி வாசனை.
பன்னிரண்டு பேர் தூங்குவதாக நடித்தார்கள்.

முதலில் வாய் திறந்தவர் பயிற்சியாளர் ரிம்விதாஸ்.
"இரண்டு அங்கே, இரண்டு இங்கே,
பிறகு ஒன்று, ஒன்று, ஒன்று.
இது தொடரா, தபால்காரன் பிழைப்பா?
இரண்டு, மூன்று, இரண்டு என்று வைத்திருந்தால்
நடு மூன்றும் நம் கூரையின் கீழ்.
தலைகீழாகப் புரட்டியிருப்பேன்."

"ஆளுக்கு இரண்டு என்று நிற்கும்போது
ஐந்தாவதுதான் குரல்வளை."
இருட்டிலிருந்து வகாரிஸ்,
முழங்காலில் பனிக்கட்டிப் பையோடு.
"பருவம் முழுக்க உழைத்து முதலிடம் பிடித்தவன்
அதைப் போய் அடுத்தவன் வீட்டில் ஏன் ஆடவேண்டும்?"

நியாயம்தான்.
ஆனால் எதிராளிக்கான நியாயத்தை நம் ஆள் பேசும்போது
பேருந்து கொஞ்சம் குளிர்ந்துவிடுகிறது.
வெப்பத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

பொருளாளர் ஜெனோனஸ்
கைபேசி வெளிச்சத்தில் டிக்கெட் விலையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.
அவருக்கு ஏழும் போதாது, ஒன்பது வேண்டும்.
அரங்கத்துக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

"உங்களுக்கு ஏழு ஓர் எண்," என்றாள் தைவா,
பதினாறு வருடமாக இவர்கள் கணுக்கால்களில் கட்டுப் போடுகிறவள்.
"எனக்கு அது இவனுடைய இடது முழங்கால்.
ஐந்தில் தெரியாத எந்த உண்மை
ஏழில் தெரிந்துவிடப் போகிறது?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
ஓர் ஆட்டத்தில் பந்து வளைய விளிம்பில் உட்கார்ந்து யோசித்து
வெளியே விழலாம்.
ஐந்து ஆட்டத்தில் இரண்டு முறை விழலாம்.
ஏழாவதற்குள் அதற்கே வெட்கம் வந்துவிடும்.

யுர்பர்காஸுக்கு முன்னால், ஒரு மின்கம்பத்தின் உச்சியில்
நாரைக் கூடு.
போகும்போது ஒன்று குச்சி சுமந்து வந்தது.
இப்போது சாம்பல் வெளிச்சத்தில் இன்னொன்று
அசையாமல் அடைகாத்திருந்தது.
தொடர் ஏழுவரை இழுத்தால்
இந்தக் கம்பத்தை இன்னும் நான்கு முறை கடப்பேன்.
ரிம்விதாஸின் கணக்குப்படி என்றால் இரண்டே முறை.
கடைசி முறை ஒரு குஞ்சின் தலை தெரியலாம்.

என் கட்சி இதுதான்.
கூலிக்காக என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆட்டம், எங்கள் ஊரில், பத்தொன்பது புள்ளியில் போயிற்று.
நான்காவது, ஒரு புள்ளியில்.
பந்து விளிம்பில் உட்கார்ந்து யோசித்தது.

எங்கள் பக்கம் வசந்தம் வந்தால்
நேமுனாஸ் ஆறு சாலை மேல் ஏறிவிடும்.
தலைக்கு மேல் வெள்ளம் போனபின்
சாண் என்ன, முழம் என்ன,
ஐந்து என்ன, ஏழு என்ன.

அரங்கத்து வாசலில் ஆனாலும் ஜெனோனஸ் விடவில்லை.
"இங்கே மூன்று ஆட்டம் என்று தெரிந்திருந்தால்
பையன்கள் நான்காவதை விட்டிருக்கவே மாட்டார்கள்."
ரிம்விதாஸ் தலையாட்டினார்.
வகாரிஸ் காலில் சுற்றிய பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்,
ஏழு ஆட்டத்துக்கும் சேர்த்து.

ஐந்தாவது ஆட்டம் நடந்திருக்க வேண்டிய செவ்வாய்க்கிழமை.
விடுதி அறைகளை ரத்து செய்தாயிற்று.
பேருந்தைக் கழுவி வை என்றார்கள். கழுவினேன்.
புறப்பட வேண்டிய நேரம் வந்தது.
என் சொந்தக் காரில் புறப்பட்டேன்,
கம்பம் வரைக்கும் மட்டும்.
கிலோமீட்டரை எங்கும் எழுதவில்லை.

நாரை ஒற்றைக்காலில் நின்றது.
கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று
கீழே இருந்து பார்த்தால் தெரியாது.
என்ஜினை அணைத்தேன்.
முதல் பாதி முடிகிற நேரம் இருக்கும்,
பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.
வழியை மறித்து நின்றிருந்தேன்.